ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

தாய்மார்களே, உங்களிடம் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் யார்? அன்றைக்குப் பெரட்டு இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. தொழிற்சாலை பஸ்ஸும் வராது. வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். பிள்ளைகள் ஒன்பது மணி வரை அசையமாட்டார்கள். ஆனால் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதே, அது யார்? வாரம் முழுவதும் சேர்ந்த அழுக்குத் துணியை வாளியில் ஊற வைத்துக்கொண்டிருப்பது நீங்கள்தானே! ஆறு நாள் வெளி வேலை, ஏழாவது நாள் வீட்டு வேலை. அப்படியானால் ஓய்வு நாள் என்று நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது யாருக்காக?

கோலா சுங்கை பாரு வட்டாரத்துத் தோட்டங்களிலும், மஸ்ஜிட் தானா, லுபோக் சீனா, அலோர் காஜா பக்கத்துத் தாமான்களிலும் குடியிருக்கும் தாய்மார்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. ஆனால் இதற்கு விடை தேடி யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார நேரம் இருந்தால்தானே தேடுவதற்கு!

"வாரத்திற்குத் திட்டம் போடுங்கள், நேரம் தானாக மிச்சப்படும்" என்று பட்டணத்துப் பத்திரிகைகள் எழுதுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி, ஆறரைக்குப் பழச்சாறு, ஏழு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கொஞ்சுதல் என்று பட்டியல் அழகாகத்தான் இருக்கும். காலை ஆறு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்? நம் வீட்டுக்கு நம் வீட்டுத் திட்டம் வேண்டும். அது மழையையும், சம்பள நாளையும், சமயத்தில் கள்ளுக்கடையையும் கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்குத் திட்டமிட்டு வாழத் தெரியாது என்று சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலாக்கா மாநிலத்தில் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-ஆம் ஆண்டில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வாணிபத்திற்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. தோட்டத்து வாழ்க்கைக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. விடியுமுன் பெரட்டு, நிரை பிரித்தல், வெட்டு, பால் எடுத்தல், ஸ்டோரில் நிறுத்தல், பிற்பகலில் ஒட்டுப்பால் என்று நாளை நிர்வாகமே வரைந்து வைத்திருந்தது. விடியற்காலையில் வெட்டச் சொன்னது துரையின் பிடிவாதத்தால் மட்டுமல்ல. வெயில் ஏறுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம்; அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரம் கேட்ட நேரத்திற்கு மனிதர்கள் எழுந்தார்கள்.

அந்த நேரத்துக்குள் தாய்மார்கள் செய்த வேலையை யாரும் எழுதி வைக்கவில்லை. இருட்டிலேயே சோறு வடித்து, தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றார்கள். குழாயடியில் யார் முதலில், யார் பிறகு என்று அவர்களுக்குள்ளேயே ஒரு முறை வைத்திருந்தார்கள். எழுத்தில்லாத திட்டம் அது. தாளில் இல்லாமல் தாயின் தலையில் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நம் தொல்லைக்குக் காரணமே அதுதான் என்பேன். தலைக்குள் இருக்கும் பட்டியலை வேறு யாரும் படிக்க முடியாது. படிக்க முடியாத வேலையை யார் பங்கு போட்டுக்கொள்வார்கள்?

பன்னிரண்டு மணி நேரம் எங்கே?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான். வாரத்திற்கு 168 மணி நேரம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 1.1.2023 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி வாரத்திற்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு முன்பு 48. மிச்சம் 123. தூக்கத்திற்கு இரவுக்கு ஏழு மணி நேரம் என்று 49 கழியுங்கள். 74. போக வர, இடையில் சாப்பிட என்று ஆறு நாளைக்கு ஆறு மணி நேரம் போனால் 68. சமையலும் பாத்திரமும் நாளுக்கு மூன்று மணி நேரம், ஆக 21 போனால் 47. துவைப்பது, பெருக்குவது, துணி தேய்ப்பது நாளுக்கு இரண்டு, ஆக 14 போனால் 33. குளித்து, உண்டு, விளக்கேற்றி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, வீட்டுப் பாடம் பார்த்து நாளுக்கு மூன்று, ஆக 21. அதையும் கழித்தால் 12.

பன்னிரண்டு மணி நேரம் மிச்சம்! நம்ப முடிகிறதா? நாளுக்குப் பங்கிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட முழுதாக வராது என்றாலும், இருக்கத்தான் செய்கிறது. பிறகு ஏன் நமக்கு மூச்சுவிட நேரமில்லை? அந்தப் பன்னிரண்டு மணி நேரம் நமக்கு நொய்யாகக் கிடைக்கிறது. உலை கொதிக்கும் வரை ஐந்து நிமிடம். பஸ் வரும் வரை பத்து நிமிடம். பிள்ளை குளித்து வரும் வரை ஆறு நிமிடம். நொய்யை வைத்துக் கஞ்சி காய்ச்சலாம், ஓய்வெடுக்க முடியாது. ஓய்வு என்றால் தொடர்ந்தாற்போல் இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதில் யாரும் "அம்மா" என்று கூப்பிடக்கூடாது.

ஆகவே நம் வாரத் திட்டத்தின் வேலை, இன்னும் நாலு வேலையை வாரத்துக்குள் திணிப்பதல்ல. சிதறிக் கிடக்கும் நொய்யைத் திரட்டி ஒரே கட்டியாக உங்கள் கையில் கொடுப்பதுதான்.

2019-ஆம் ஆண்டில் கஸானா ஆய்வுக் கழகம் நம் நாட்டுக் குடும்பங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றன என்று ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் செலவிடும் நேரம், ஆண்கள் செலவிடுவதைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம் என்று அதில் கண்டிருக்கிறார்கள். நமக்கு ஆய்வு தேவையில்லைதான், ஞாயிற்றுக்கிழமைக் குளியலறைச் சத்தமே போதும். இருந்தாலும் வீட்டுக்காரரிடம் காட்ட ஒரு கணக்கு கையில் இருப்பது நல்லது.

ஞாயிறிலிருந்து பின்னோக்கி

திட்டத்தைத் திங்களில் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். கடைக்காரர் கொடுத்த நாட்காட்டியில் போன மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கட்டம் போடுங்கள். ஞாயிற்றுக் கட்டத்தில் பிற்பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை "அம்மா" என்று மட்டும் எழுதுங்கள். தூங்குங்கள், கோயிலுக்குப் போங்கள், அக்கா வீட்டுக்குப் போங்கள், மின்னல் எப்.எம். கேளுங்கள், அது உங்கள் பாடு. முதலில் அந்த இடத்தைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலைகளை எழுத வேண்டும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதுபோல!

இப்போது ஞாயிற்றுக்கிழமைத் துணி மூட்டை எங்கே போகும்? புதன் இரவும் சனி பிற்பகலும் என்று இரண்டாக உடையுங்கள். பள்ளிச் சீருடை தனி. அதை அந்தந்தப் பிள்ளையே குளிக்கும்போது கசக்கிப் போடட்டும். மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்குத் தன் காலுறையைத் துவைக்க முடியும். ஆண் பிள்ளை துவைத்தாலும் கை தேய்ந்துவிடாது. வெள்ளிக்கிழமை மாலை வீடு பெருக்கித் துடைப்பது எப்படியும் நடக்கிற வேலை, விளக்கேற்ற வேண்டுமல்லவா? ஜன்னல், விசிறி, ஒட்டடை எல்லாவற்றையும் அன்றைக்கே ஒட்டிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அதற்கென்று தனியாக ஒரு பொழுது வேண்டாம்.

ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் இருக்க வேண்டும். இதுதான் முக்கியம். "தண்ணீர்ப் போத்தல் நிரப்புதல்" என்று எழுதினால் அது உங்கள் வேலையாகவே தங்கிவிடும். "தண்ணீர்ப் போத்தல் – தம்பி" என்று எழுதுங்கள். "குப்பை – அப்பா" என்று எழுதுங்கள். பெயர் எழுதிய பிறகு தாளைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பெயர் மட்டுமே திரும்பத் திரும்பத் தெரிந்தால் அது திட்டமல்ல, உங்கள் மேல் போட்ட குற்றப் பத்திரிகை. மறுபடி எழுதுங்கள்.

அண்ணன்மாரே, நீங்களும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் ஒரு வார்த்தை. "வீட்டு வேலைக்கு உதவி செய்கிறேன்" என்று சொல்கிறீர்களே, அந்த உதவி என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. உங்கள் தட்டை நீங்கள் கழுவுவது யாருக்கு உதவி? அதே 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான தந்தைக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஓராண்டாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருந்தால். அந்த ஏழு நாளும் நண்பர்களுக்கு விருந்து வைக்கக் கொடுத்ததல்ல என்று நினைக்கிறேன்.

மழை வந்தால்?

வெட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் இங்கே சிரிப்பீர்கள். "நீங்கள் புதன், வெள்ளி என்று எழுதச் சொல்கிறீர்கள், மழை எங்களைக் கேட்டா பெய்கிறது?" நியாயமான கேள்வி. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தோடு வழிந்து வீணாகும். மண்டோர் வானத்தைப் பார்ப்பார், நாம் மண்டோரைப் பார்ப்போம். வெட்டு இல்லை என்றால் திரும்பி வந்து, அந்த நாள் எப்படிப் போனது என்று தெரியாமலே போய்விடும்.

தாளின் அடியில் ஒரு தனிக் கட்டம் போட்டு "மழை நாள்" என்று எழுதி வையுங்கள். அதில் தேதியில்லாத வேலைகள் இருக்கட்டும். முக்கியமாக அரசாங்க அலுவலக வேலைகள். யோசித்துப் பாருங்கள்: நம் மாநிலத்தில் அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரைதான். நம் வேலையும் அதே நாட்களில்தான். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும், அதற்கு ஒருநாள் சம்பளம் போகும். பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை திருத்த வேண்டும், அதற்கு இன்னொரு நாள். போகட்டும் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டுப் போட்டுத்தான் நம்மவர் வீடுகளில் பத்திரம் இல்லாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பரீட்சை எழுதும் வயதில், வேலைக்குப் போகும் வயதில் அந்தப் பிள்ளை தெருவில் நிற்கிறது. மழை நாளில் சம்பளத்தை விட்டுப் போகிறோம் என்ற கவலை இல்லை. கட்டத்தில் எழுதியிருந்தால் ஏழு மணிக்கே குடையை எடுத்துக்கொண்டு அலோர் காஜா பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம். தேவையான பத்திரங்களையும் நகல்களையும் முன்கூட்டியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும். மழையன்று காலையில் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினால் பஸ் போய்விடும்.

கிளினிக் தேதி வேறு. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு என்று கார்டு வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியை மழைக்கு விடக்கூடாது. அதைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள். பிள்ளையின் ஊசி நாளை மறக்காத தாய், தன் மருந்து நாளை மறந்துவிடுகிறாள். நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறவர்களுக்குச் சுற்று முறை இருக்கிறது. ஒரு நிரைக்குத் திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாளாகும். எந்த நாள் தூரத்து நிரை, எந்த நாள் பக்கத்து நிரை என்று மண்டோரிடம் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டால், தூரம் போகிற நாளில் எளிய சமையல் வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் பாடுதான் கடினம். பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரம் 1970-களில் வந்ததிலிருந்து நம் தோட்டத்துப் பெண்கள் ஷிப்டு வேலைக்குப் பழகிவிட்டார்கள், ஆனால் உடம்பு இன்னும் பழகவில்லை. ஷிப்டு மாறும் வீடுகளில் ஒரு தாள் போதாது. பகல் வாரத்துக்கு ஒன்று, இரவு வாரத்துக்கு ஒன்று என்று இரண்டு தாள் வேண்டும். இரவு வாரத் தாளில் உங்கள் தூக்க நேரத்தை முதலில் எழுதுங்கள். பகலில் தூங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் மாமியார்கள் அந்தக் கட்டத்தைப் படிக்கட்டும்.

அடுப்பும் சம்பள நாளும்

சம்பள மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே நம் மாதம் முதல் தேதியில் தொடங்குவதில்லை, ஏழாம் தேதியில்தான் தொடங்குகிறது. அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு இவற்றுக்கு அந்த வாரத்திலேயே ஒரே நடை. கடனுக்கு நாளொரு பொட்டலமாக வாங்கினால் காசும் போகும், நேரமும் போகும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிரும், பால் குறையும், சம்பளமும் இளைக்கும். பள்ளிச் செலவை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாமல் முன்னதாகவே ஒதுக்கி விடுங்கள்.

சமையலில் நேரம் மிச்சம் பிடிக்க நம் பாட்டிமார்கள் வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். புளிக் குழம்பு மறுநாள்தான் ருசி. நெத்திலிச் சம்பலை எண்ணெய் பிரிய வதக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். தேங்காய்ப் பால் ஊற்றிய கறி மட்டும் அன்றைக்கே முடியட்டும். சனிக்கிழமை மாலை தோசைக்கு ஆட்டி வைத்தால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலை கவலையில்லை. கோலா சுங்கை பாரு கடலோர ஊர், மீனுக்குப் பஞ்சமில்லை. வாங்கிய அன்றே கழுவி, உப்பும் மஞ்சளும் பூசி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைய வைத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை மட்டும் சமையல் வேண்டாம் என்று வையுங்கள். அன்றைக்கு அப்பா சார்டின் டின்னை உடைப்பார். உப்பு கூடுதலாக இருந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த வாரம் கரண்டி உங்கள் கைக்கே வந்துவிடும்.

இன்னொன்று. லயத்தில் கூட்டுப் பணம் போட்ட காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாதம் ஒருவர் மொத்தமாக எடுப்போம். 1971-ஆம் ஆண்டில் அதைச் சட்டம் தடை செய்தது. ஏமாந்தவர்கள் அதிகம், தடை வந்தது சரிதான். ஆனால் நேரத்தில் கூட்டுப் போடுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. நாலு வீடு சேருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு மற்ற மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். மாதத்தில் மூன்று ஞாயிறு உங்களுக்கு முழுதாகக் கையில் விழும். தாமானில் சுவர் உயர்ந்துவிட்டது, லயத்தில் போல் எட்டிப் பார்த்துக் கூப்பிட முடியாது என்கிறீர்களா? கைத்தொலைபேசி எதற்கு இருக்கிறது?

ஓய்வு நாள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்று சட்டம் சொல்கிறது. நாள் சம்பளக்காரரை ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாளிக்கு அந்த நாள் விலை உயர்ந்தது. வீட்டில் மட்டும் அது இலவசமாகப் போகிறது.

ஐஸ்லாந்து என்று வடகோடியில் ஒரு சிறிய தீவு நாடு. அங்கே 24.10.1975 அன்று நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வேலைநிறுத்தம் அல்ல, "பெண்களின் ஓய்வு நாள்". தந்தைமார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்களாம். சமைப்பதற்கு எளிதான சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோனதாம். மறு ஆண்டே ஆண் பெண் சம வாய்ப்புச் சட்டம் வந்தது. 1980-இல் அந்நாட்டு மக்கள் ஒரு பெண்ணை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்த தாய் அவர். நாம் ஊர்வலம் போக வேண்டியதில்லை. ஞாயிறு இரண்டு மணி முதல் நாலு மணி வரை போதும்.

முதல் வாரம் திட்டம் பாதியில் நிற்கும். தம்பி தண்ணீர்ப் போத்தலை மறப்பான். அப்பா குப்பையை மறப்பார். நீங்களே எழுந்து செய்துவிடாதீர்கள். குப்பை நாறினால் ஒருநாள் நாறட்டும். மூன்றாவது வாரம் தாளை மாற்றி எழுதுங்கள், நடக்காத வேலைக்கு வேறு பெயர் போடுங்கள்.

கடைசியாக, தாளை எங்கே மாட்டுவது? அடுப்பங்கரையில் வேண்டாம். அங்கே மாட்டினால் நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே ஓர் ஆணி அடியுங்கள். முடிந்தால் ஆணியை அவரையே அடிக்கச் சொல்லுங்கள்.